என் ஐடியில் அருள்தாஸ் சார் ஏற்றிய வருகைப்பதிவு

அருள்தாஸ் சார் இறந்துபோன செய்தி நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில், வேன் கட்டண அறிவிப்புக்கு அடியில் வந்து கிடந்தது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது பார்த்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். முதலில் அழுகை வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. சொல்கிறேன் சொல்கிறேன் என்று என்னை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாரே!

இரங்கல் கூட்டத்துக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பள்ளியில் நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். அலுவலக அறையில் அவருக்கு எதிர் மேசை என்னுடையது. வருகைப்பதிவு அவர் பொறுப்பு, கட்டண வேலை என் பொறுப்பு. எழுதிவிட்டேன், ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி வரவில்லை.

நல்ல மனிதர்தான், அதை நான் மறைக்க மாட்டேன். ஒரு பையன் பல நாளாக வரவில்லை என்று நம் மாவட்டத்து ஆரணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போனவர். "போன்ல கேட்டா காய்ச்சல்னுதான் சொல்லுவாங்க மேடம். ஊட்டாண்ட போய் நின்னாதான் இன்னா சங்கதின்னு தெரியும்" என்பார். போய் நின்று, பேசி, மறுநாளே பையனை வகுப்பில் உட்கார வைத்தார். மழை நாளில் என்னை எத்தனையோ முறை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்.

பெற்றோர்கள் பள்ளிக்கு ஓடி வந்தார்களே, அன்று காலையில் அவருடைய பாஸ்வேர்டு லாக் ஆகிவிட்டது. "உங்க ஐடியில போட்டுடறேன் மேடம், ஒரே நிமிஷம்" என்றார். எங்களுக்குள் அது வழக்கம்தான். நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நாஷ்டா சாப்பிடப் போனேன். நடுவருடத்தில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் எக்செல் ஷீட்டின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு அது உறுத்தியிருக்கிறது. பெயர் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைக்கு மாற்றினார். பெயர்கள் இடம் மாறின, பக்கத்தில் இருந்த 'வந்தார், வரவில்லை' குறிகள் மாறவில்லை. அப்படியே சாஃப்ட்வேரில் ஏற்றினார். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு 'உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று செய்தி தானாகப் பறந்தது.

நம் பெற்றோர்கள் பாதிப் பேர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் வரைக்கும் போன் லாக்கரில்தான் கிடக்கும். அதனால் மதியம் ஒரே நேரத்தில் எல்லாரும் பார்த்தார்கள், கம்பெனி யூனிஃபார்மோடு நம் பள்ளி கேட்டுக்கு ஓடி வந்தார்கள். அதில் மஞ்சுளா என்ற அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார். "காலைல நான்தான வேன்ல ஏத்தி உட்டேன், எம் பொண்ணு எங்க? சொல்லு, எங்க?" பெண்ணை வகுப்பிலிருந்து கூட்டி வந்து நிறுத்தும்வரை அவர் என் கையை விடவில்லை. கம்பெனியில் வெளியே போக கேட் பாஸ் வாங்காமல் ஓடி வந்ததால் அந்தக் கான்ட்ராக்ட் வேலை அவருக்குப் போய்விட்டது.

மாலையில் தாளாளர் எங்களைக் கூப்பிட்டு யார் ஏற்றியது என்று கேட்டார். நான் அருள்தாஸ் சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "சிஸ்டம்ல மேடம் ஐடிதான் காட்டுது சார்" என்றார். நான் இல்லை என்று சொன்னேன். யார் கேட்டது? மன்னிப்புக் கடிதத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவர் என்னை மறித்தார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். உங்களுக்கு ஊட்டுக்காரரு சம்பாதிக்கிறாரு. கொஞ்சம் ஆறட்டும், நானே போய் சொல்லிடறேன்" என்றார். நம்பினேன். பைத்தியக்காரி மாதிரி நம்பினேன். அதற்குப் பிறகு என் கையில் போகிற எதையும், "வசந்தி மேடம் போட்டதா? ஒரு தடவ சரி பாத்துடுங்க" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழாமலா இருந்தது? மஞ்சுளா இன்றும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அருள்தாஸ் சார் மட்டும் தினமும் எனக்கு டீ வாங்கி வந்து வைப்பார்.

அடக்கத்தன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "உங்கள பத்தி சொல்லிக்கினே இருப்பாரு மேடம். நீங்க அன்னிக்கு தப்பா ஏத்திட்டீங்களாம், வேலையே போயிருக்குமாம், அவருதான் பேசி காப்பாத்துனாராம். பொண்ணுங்ககிட்டகூட சொல்லுவாரு."

பள்ளியில் அவர் வாயை மூடிக்கொண்டது பயத்தில் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீட்டில் என்ன பயம்? அங்கே எதற்கு என்னைக் குற்றவாளி ஆக்க வேண்டும்? பெட்டியில் கிடந்தவரைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண்கள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாம்மா, அவர்தான் காப்பாத்தினார்" என்றேன்.

ஆகவே அவர் வீட்டாரும் வருகிற கூட்டத்தில் இதை வாசிக்க மாட்டேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன், அந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். செத்தவர்மேல் பழி போடுகிறாள் என்று பேசுவீர்கள், பேசுங்கள். அவர் செய்த தப்பை அவர் பெயரிலேயே இங்கே திருப்பிப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லப்போகிறேன். அருள்தாஸ் சார் என்மேல் போட்டதில் நான் இனி வைத்துக்கொள்வது, அவருடைய பெண்கள் முன்னால் அவருக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும்தான்.