மூக்குக்கு மேல் ஒரு மூடி

சும்மா கிடைக்கும் காற்றை இன்னும் கொஞ்சம் சும்மா கொடுப்பதுதான் எங்கள் தொழில். அதை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவதற்கு மூன்று வருடப் பயிற்சி வேறு.

சத்திரசிகிச்சை வாட்டுகளில் வேலை பார்த்தும் இன்னும் புத்தி பேதலிக்காமல் இருக்கும் தாதிமார்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் வாட்டில், பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வயிற்றைத் திறந்து மூடிய ஆளுக்கு வலி இருக்கும். வலிக்குப் பயந்து மூச்சை அரைகுறையாக விடுவார்கள். நுரையீரலின் அடிப்பக்கம் சுருங்கிப் போகும், சளி தங்கும், காய்ச்சல் வரும். அதற்குள் இரண்டு மூன்று நாள் ஒக்சிஜன் கொடுத்து, ஆழமாக மூச்சிழுக்கவும் இருமவும் வைத்துவிட்டால் ஆள் தப்பிவிடும். எவ்வளவு சுலபம் பாருங்கள். பார்வதியக்கா வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷினுக்குப் பிடிக்காத விரல்

பார்வதியக்கா லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர், அங்கேயே லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பவர். ஐம்பது தாண்டிய வயது. குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக அறுத்துத் தைத்து, தியேட்டரிலிருந்து நேராக என் ஏழாம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். இரத்தத்தில் ஒக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம். மாட்டினேன். மெஷின் இரண்டு கோடு காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது.

விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. நுனியெல்லாம் தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, தோல் காய்த்துப் போயிருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சூடு பறக்கத் தேய்த்தேன். கடைசியில் காது மடலில் மாட்டியதும்தான் எண்பத்தேழு என்று வந்தது. தொண்ணூற்று நாலுக்கு மேல் இருக்க வேண்டியது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, மயக்கம் முழுதாகத் தெளியாத பார்வதியக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இருவத்தாறு வருசம் கொழுந்து எடுத்த வெரலு மிஸ் இது. ஒங்க மெஷினுக்குப் புடிக்கலன்னா வேற மெஷினு கொண்டாங்க."

பக்க விளைவு

ஒக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பினால் மாஸ்க் நெற்றியில் இருந்தது. சரிசெய்துவிட்டுப் போனேன். அடுத்த முறை தாடைக்குக் கீழே. அதற்கடுத்த முறை தலையணைக்கு அடியில் கிடந்து, தலையணைக்கு ஒக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தது. தலையணை நல்ல ஆரோக்கியமாக இருந்தது. பார்வதியக்காவின் உதடுதான் நீலம் பாரித்திருந்தது.

ஆழமாக மூச்சிழுங்கக்கா என்றால் இழுப்பது போல் தோளை மட்டும் தூக்கிக் காட்டினார். இருமுங்க என்றால் இருமல் வரவில்லை என்றார். மறுநாள் காலை பெரிய டொக்டர் வந்து பார்த்தார். பின்னேரத்துக்குள் அளவு ஏறாவிட்டால் கண்டிக்கு அனுப்பி, தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போன மழைக்காலத்தில் இதே மாதிரி ஒரு அம்மாவைக் கண்டிக்கு ஏற்றி அனுப்பினேன். அவர் திரும்பி வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை நாங்கள் எரிச்சலாகத்தான் காட்டுவோம், உங்களுக்குத் தெரியும். "ஏன்க்கா இப்புடி உயிர வாங்குறீங்க, இதப் போட்டா என்ன ஆகிரும்?" என்று கத்திவிட்டேன். பார்வதியக்கா என்னை ஏதோ பச்சைப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்க லயத்துல இந்த மூடிய போட்டது மூணு பேரு மிஸ். மூணு பேரையும் பெட்டியிலதான் கொண்டாந்து எறக்குனாங்க."

எங்கள் பாடப்புத்தகத்தில் ஒக்சிஜனின் பக்க விளைவுகள் என்று ஒரு பக்கம் நிறைய இருக்கிறது. இது அதில் இல்லை.

சுடுதண்ணீர்

மாஸ்க்கை வைக்க எனக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டது. கணவர் முத்தையா அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர், மெஷின் தெரிந்த மனிதர் என்று நம்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மூடி விலகினால் திரும்ப வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர் மூடியைப் பார்க்கவேயில்லை. சுவரில் இருந்த போத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று காய்ந்து போகாமல் இருக்க அதைத் தண்ணீருக்குள் விட்டு எடுப்போம், அதனால் போத்தலில் எந்நேரமும் குமிழி வரும். வெளியே நல்ல குளிர், மழை வேறு. கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தேடி வந்தார், கையில் கப்போடு.

"தண்ணி நல்லாக் கொதிச்சிருச்சு மிஸ். ஒரு பிளேன்டிக்கு மட்டும் எடுத்துக்கவா?"

சூடம்

அதோடு விட்டாரா? பால் விடாத அந்த ஒரு கப் பிளேன்டி கிடைக்காத மனிதருக்குப் பக்தி வந்துவிட்டது. நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது மூக்கில் சூட வாசம் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால், வெற்றிலையில் மூன்று கட்டி சூடத்தை வைத்து, மற்றக் கையில் நெருப்புப் பெட்டியோடு ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மனைவியின் தலையைச் சுற்றித் திருஷ்டி கழிக்கப் போகிறாராம்.

ஒக்சிஜன் ஓடும் இடத்தில் ஒரு குச்சி உரசினால் போதும், மாஸ்க், மெத்தை, மனைவி எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும். நான் ஓடிய ஓட்டத்தைப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஓடியிருந்தால் வீட்டில் ஒரு கப் இருந்திருக்கும். பெட்டியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு, அவரை ஏசினேன், விளக்கினேன், திரும்பவும் ஏசினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு மிகுந்த விட்டுக்கொடுப்போடு ஒரு யோசனை சொன்னார்:

"அப்ப பத்த வைக்காமலே சுத்திர்றேன் மிஸ். சாமி ஒண்ணும் நினைக்காது."

வெள்ளைக் கொடி

அன்று காலையில் முத்தையா அண்ணன் தோட்டத்துக்குப் போனில் ஒரு கோல் எடுத்து, "ஒக்சிஜன் வச்சிருக்காங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இந்த ஒரு வசனத்துக்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் தோட்டங்களில் எது இல்லாவிட்டாலும், சாவு வீட்டுக்குக் கூடாரம், வெள்ளைக்கொடி, செலவு எல்லாம் பார்க்கும் மரணாதார சங்கம் இருக்கும். ரோட்டில் குழி விழுந்தால் ஐந்து வருடம் ஆகும், ஆள் விழுந்தால் ஒரு மணித்தியாலத்தில் கூடாரம் எழும்பிவிடும்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார், அவருடைய போன் கட்டிலருகே அடித்தது. கொழும்பில் இருக்கும் மகளாக இருக்கும், அம்மாவும் கேட்கட்டும் என்று நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். செய்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். பேசியது சங்கத்துச் செயலாளர் செல்லையா, பார்வதியக்காவுக்குக் கொழுந்தன் முறை. வாட்டில் இருந்து பேசுகிறேன் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூடாரம் போட்டாச்சுங்க மிஸ். பெஞ்சு எறக்கியாச்சு. பங்களா முடக்கு வரைக்கும் வெள்ளக்கொடி கட்டியாச்சு. மலையிலருந்து ஆளுகளும் எறங்கிருச்சு. பொடி எத்தன மணிக்குங்க குடுப்பீங்க?"

எங்கள் பக்கத்தில் பொடி என்றால் பிணம். போனை அணைக்கப் பட்டனைத் தேடுகிறேன். அதற்குள் பார்வதியக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். மற்றக் கையால் தாடைக்குக் கீழே கிடந்த மாஸ்க்கை இழுத்து, தானாக, முதல் தடவையாக, மூக்கில் வைத்து ஒரு முழு மூச்சு இழுத்தார்.

"செல்லையா, பொடிதான்டா பேசுறேன். சொல்லு."

மூச்சுப் பயிற்சி

அடுத்த பத்து நிமிடம் நடந்ததை முழுவதும் எழுத முடியாது, அச்சில் ஏறாது. செல்லையாவின் குலம், கோத்திரம், போன தீபாவளிக்கு அவர் செய்த கூத்து எல்லாம் வாட்டுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் நான் கவனித்தது வேறு. ஒரு வசவு முடிந்ததும் மாஸ்க், ஆழமாக ஒரு மூச்சு. அடுத்த வசவு. திரும்ப மாஸ்க். நடுவில் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, நான் இரண்டு நாளாகக் கெஞ்சிக் கேட்ட அந்த இருமல் வந்தது, கூடவே கட்டிக்கிடந்த சளியும். காதில் மாட்டிய கிளிப் எண்பத்தொன்பது என்றது. தொண்ணூற்றொன்று என்றது. வசவு செல்லையாவின் மாமியார் வீட்டை எட்டும்போது தொண்ணூற்று மூன்று.

அந்தப் பக்கம் செல்லையா எப்போதோ போனை வைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. கண்டிக்கு எழுதிய பாதிக் கடிதம் மேசையில் கிடந்தது, அதைக் கிழித்துப் போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்து கண்ணில் பட்டுவிட்டதென்று அட்டென்டனிடம் பொய் சொன்னேன். பின்னேரம் வந்த பெரிய டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். தொண்ணூற்றைந்தைப் பார்த்தார், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மூச்சுப் பயிற்சி என்றேன். அது பொய்யில்லையே. சிங்களமும் தமிழுமாக, நல்லது நல்லது என்று பாராட்டினார்:

"ஹொந்தய் மிஸ், ரொம்ப ஹொந்தய். அந்தப் பயிற்சிய தினம் மூணு தடவ குடுங்க."

கூடாரம்

தையல் வெட்டப் பார்வதியக்கா நடந்துதான் வந்தார், கையில் ஒரு பை தேயிலைத் தூளோடு. வீட்டுக்குப் போன அன்று பங்களா முடக்கில் ஆட்டோ திரும்பியதும் கொடிகள் அப்படியே ஆடிக்கொண்டிருந்தனவாம். கட்டுவதற்குச் சங்கத்தில் ஆள் உண்டு, அவிழ்ப்பதற்கு யாரையும் நியமிக்கவில்லை. தன்னுடைய கூடாரத்தில் தானே உட்கார்ந்து, வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றச் சொல்லியிருக்கிறார். செல்லையா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லையாம்.

மூச்சு எப்படி என்று கேட்டேன். மேட்டு லயத்துக்கு நிற்காமல் ஏறுகிறாராம். போகும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இனிமே எங்க தோட்டத்து ஆளு யாருக்காச்சும் அந்த மூடிய வச்சா எனக்கு ஒரு கோல் குடுங்க மிஸ். கொடி கட்ட வர்றதுக்கு முந்தி நான் போயி அந்த வீட்டு வாசல்ல உக்காந்துக்குறேன்."

ஆக, இப்போதெல்லாம் ஆழமாக மூச்சிழுக்க மறுக்கும் நோயாளி யார் வந்தாலும், ஒரு கையால் ஒக்சிஜனைத் திறந்துகொண்டே, அவருக்கு ஆகவே ஆகாத சொந்தக்காரர் யார், அவருடைய போன் நம்பர் என்ன என்று விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.