உஸ்ஸென்று ஒழுகும் காற்று

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழாய் இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவுகிறார் கெங்கம்மாள். நுரை குபுகுபுவென்று பொங்கியதும் முகமெல்லாம் சிரிப்பு. “தோ, மாட்டிக்கினியா!” என்று குழாயிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும் சிவப்புத் துணியில் ஒரு கீற்று கிழித்து அங்கே முடிச்சுப் போடுகிறார்.

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பெருக்குகிற வேலை. கவரைப்பேட்டையிலிருந்து காலை ரயிலில் வருவார். பெருக்கும்போது வாய் ஓயாது. தூசியைத் திட்டுவார், இயந்திரங்களுக்குக் காலை வணக்கம் சொல்வார்.

2008-இல் மின்வெட்டு வந்து எல்லோரையும் ஆட்டி வைத்தது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இரண்டு இயந்திரங்களைத்தான் இழுத்தது. மூன்றாவதில் வேலை செய்த பன்னிரண்டு பெண்களை நிறுத்திவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அவர்களில் ரம்யா, கெங்கம்மாளோடு ஒரே பெட்டியில் வருகிறவள்.

அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தன. மூடிகளை அச்சிலிருந்து ஊதித் தள்ளுவதற்கான இரண்டு கம்ப்ரசர்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. கெங்கம்மாள் எலக்ட்ரீஷியன் துளசிராமனிடம் போனார்.

“எல்லாரும் துன்னப் பூட்டாங்க. இதுங்க ரெண்டும் யாருக்கோசரம் ஓடிக்கினு கீது சார்?”

“அது அப்டித்தாம்மா ஓடும்.”

“காத்து ஒழுவுது சார். மூலைக்கு மூலை உஸ்ஸுங்குது. பாம்புன்னு நெனச்சி நானே ரெண்டு வாட்டி ஓடிக்கீறேன்!”

துளசிராமன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு காதைத் தீட்டிக் கேட்டார். சிரிப்பு நின்றது.

மூன்று நாள் கெங்கம்மாள் நுரை தடவி முடிச்சுப் போட்டுக்கொண்டே முன்னால் போனார். துளசிராமன் வாஷரும் ஸ்பேனருமாகப் பின்னால் வந்தார். நாற்பத்தொரு ஓட்டைகள்! அடைத்து முடித்ததும் ஒரே கம்ப்ரசர் போதுமென்று ஆயிற்று. இன்னொன்று தின்ற மின்சாரம் இனி மூன்றாவது இயந்திரத்துக்கு மிச்சம்.

அடுத்த மின்வெட்டில் சோதனை. இரண்டு இயந்திரங்கள் ஓட, ரம்யா மூன்றாவதன் பொத்தானை அழுத்தினாள். ஜெனரேட்டர் ஒருமுறை முக்கியது. துளசிராமன் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் ஏறியது, சிவப்புக் கோட்டுக்கு இப்பாலேயே நின்றது.

“இழுக்குது கெங்கம்மா!”

பன்னிரண்டு பெண்களும் சந்தோஷத்தில் கூச்சலிட்டார்கள். முதல் மூடி தட்டில் விழுந்தது. கெங்கம்மாள் அதை எடுத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டார்.