முக்காலி வண்டியும் இடது திருப்பமும்

நான் பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்தேன். என் மனைவி அதே ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். எங்களுக்கு மேலே இருந்தவர் சீமையிலிருந்து வந்த டாக்டரம்மா. ஐரோப்பாவில் யுத்தம் மூள்வதற்குக் கொஞ்சம் முந்தி, அவருடைய ஊர் நண்பர்கள் அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் அனுப்பி வைத்தார்கள். அது கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து ரயிலில் வந்து சேர்ந்தது. அதன் இடப்பக்கம் பிரம்பால் பின்னிய ஓர் இருக்கையைச் சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அந்த இருக்கைக்கென்று தனியாக ஒரு சக்கரம். ஆக மொத்தம் மூன்று சக்கரம். ஊரார் முதல் நாளே அதற்கு 'முக்காலி வண்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு வாத நோயால் விரல்கள் மடங்காது. அதனால் என்னைக் கூப்பிட்டு, "உமக்குச் சைக்கிள் தெரியும். ஆகையால் நீர் இதை ஓட்டும்" என்றார். வேதாகமத் தமிழில்தான் அவர் எப்போதும் பேசுவார். கிராமங்களில் பிரசவ வலியென்று ஆள் வந்தால், என் மனைவியை அதில் ஏற்றிக்கொண்டு நான் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

சைக்கிள் தெரியும் என்பதுதான் வினையாக முடிந்தது. சைக்கிளில் நாம் திருப்புவதே இல்லை, சாய்க்கிறோம். உடம்பு சாய்ந்த பக்கம் சைக்கிள் போகும். முக்காலி வண்டி சாயாது. பக்கத்துச் சக்கரம் அதைச் சாய விடாது. கைப்பிடியைப் பலமாகப் பிடித்து ஒடித்துத்தான் திருப்ப வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் பிரம்பு இருக்கை தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு வண்டியைத் தாங்கும். இடப்பக்கம் திருப்பினால் அந்த மூன்றாவது சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் என் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போனேன். ஓர் இடது திருப்பத்தில் வந்த வேகத்திலேயே ஒடித்தேன். பிரம்பு இருக்கை அப்படியே ஆகாயத்துக்கு எழும்பியது. என் மனைவி என் தலைக்கு மேலாகப் பறந்துபோய் நாற்றங்கால் சேற்றில் விழுந்தாள். நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். அவளுடைய வெள்ளைச் சேலை முழுதும் சேறு. பையிலிருந்த மருந்துப் பாட்டில்கள் உடைந்து எங்கும் நெடி. அவள் எழுந்து வந்து என் கைகால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று நிச்சயமானதும் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இடது திருப்பம் என்றாலே எனக்குப் பயம். வேலையை விட முடியாது. ஓட்ட மாட்டேன் என்று சொல்ல வெட்கம். ஆகையால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய், வலம், மறுபடி வலம், மறுபடி வலம் என்று மூன்று தெருவைச் சுற்றினால், கடைசியில் போக வேண்டிய தெருவிலேயே வந்து சேரலாம். இப்படி ஒரு மாதம் ஓட்டினேன். தவிர்க்கவே முடியாத இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். கேட்டால், எஞ்சின் சூடாகிவிட்டது என்பேன்.

ஒருநாள் காலையில் என் மனைவி சொன்னாள்: "இந்தக் கிணத்த இப்பம் ரெண்டாந் தடவையா பாக்கேன்."

நான் கேளாதவன் போல ஓட்டினேன்.

"நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். "நெசத்தச் சொல்லுங்க. இடது பக்கம் திரும்புததுக்குப் பயந்துட்டுதானே ஊரைச் சுத்துதிய?"

"உனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதேன்னுதான்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அங்கன வலியில கெடக்கவளுக்குத்தான் ஆகும். நீங்க மூணு தெருவச் சுத்தி வாரதுக்குள்ள அவ என்ன ஆவான்னு நெனச்சுப் பாத்தியளா?"

நான் எஞ்சினை அணைத்தேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் சேந்து படிச்சுக்கிடுவோம்" என்றாள்.

அது கோடைக்காலம். ஊருக்கு வெளியே ஒரு குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சாயங்காலங்களில் அங்கே வண்டியைக் கொண்டுபோனோம். சாம்பலால் ஒரு பெரிய வட்டம் போட்டேன். இருக்கையில் ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டி, இடப்பக்கமாகவே அந்த வட்டத்தைச் சுற்றினேன். மெதுவாகச் சுற்றினால் ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் கூடினதும் சக்கரம் கிளம்பும், நான் பதறிப்போய் பிரேக்கைப் பிடிப்பேன், வண்டி வட்டத்தை விட்டு வலப்பக்கமாக ஓடிவிடும். டாக்டரம்மா வண்டியோடு வந்த புத்தகத்தை வாசித்து எனக்கு அர்த்தம் சொல்லியிருந்தார். எஞ்சின் விசையைக் கூட்டினால் வண்டி இருக்கை இருக்கும் பக்கம் இழுக்கும், குறைத்தால் மறுபக்கம் இழுக்கும், ஆகவே இடது திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திருப்பத்துக்குள் விசையைக் கூட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. கேட்கும்போது சுலபம். பயந்தவன் கைக்கு விசையைக் கூட்ட மனம் வருமா?

நாலாம் நாள் என் மனைவி மூட்டையை அவிழ்த்துக் கீழே தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு சுற்று வந்ததும், "சக்கரம் கெளம்புததுக்கு முந்தியே எனக்குத் தெரியுது" என்றாள். "எனக்கு அடியில லேசாகும். தொட்டிலத் தூக்கப் போற மாதிரி. அது வந்ததும் நான் வெளிய சாயுதேன். நீங்க பிரேக்கத் தொடாதிய."

அடுத்த சுற்றில் அவள் இருக்கையின் இடது விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையும் தோளும் வெளியே தெரிய, தரையை நோக்கிச் சாய்ந்தாள். சக்கரம் கிளம்பவில்லை. "ம்" என்றாள். நான் விசையைக் கூட்டினேன். வண்டி பிடித்து இழுத்தது போல வட்டத்தின் மேலேயே திரும்பியது. அப்போது எனக்குண்டான சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏ அண்ணாச்சி, அந்தம்மா விழுந்துரப் போறாக வே!" என்று கரையிலிருந்து கத்தினார். அவள் சிரித்தாள். சேற்றில் விழுந்த நாளுக்குப் பின் வண்டியில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் பழகியிருப்போம். ஒரு காலைநேரம், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு முஸ்லிம் நெசவாளி ஜட்காவில் வந்து இறங்கினார். ஸ்ரீவைகுண்டம் போகும் ரஸ்தாவில் ஏழெட்டு மைல் போய், இடப்பக்கம் பிரிந்து ஆற்றை நோக்கி இறங்கினால் அவர் ஊர்.

"பொஞ்சாதிக்கு நேத்து சாயங்காலத்துல இருந்து வலி" என்றார். "காலு முந்தி வந்துட்டுன்னு சொல்லுதாக. தலப்பிள்ளை. எங்க வீட்டுல ஆம்பள டாக்டர ஒத்துக்கிட மாட்டாக. அம்மா வரணும்."

டாக்டரம்மா நாசரேத் போயிருந்தார், மத்தியானம்தான் திரும்புவார். என் மனைவி பையோடு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். "போங்க" என்றாள்.

ரஸ்தாவில் வண்டி நன்றாக ஓடியது. அந்தக் கிளைப்பாதை வந்தபோது, திருப்பத்தின் வாயிலேயே ஒரு மாட்டுவண்டி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தது. அதற்கும் பாதை ஓரத்துக் கல்லுக்கும் நடுவே வண்டி நுழையும் அளவுக்குத்தான் இடம். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இறங்கித் தள்ளியிருப்பேன். அன்றைக்கு முன்னதாகவே வேகத்தைக் குறைத்தேன். அவள் சாய்ந்தாள். "ம்" என்றாள். கூட்டினேன். கல்லை உரசாமல் உள்ளே போய்விட்டோம். மாட்டுவண்டிக்காரர் பின்னால் ஏதோ சொன்னது காதில் விழவில்லை.

அந்த வீட்டு வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். உள்ளே தறி ஓடவில்லை. பெண்களின் குரலும் நடுநடுவே என் மனைவியின் குரலும் மட்டும் கேட்டன. பிறகு பிள்ளை அழுதது. ஆண் பிள்ளை. ஜட்காவில் அப்போதுதான் வந்து இறங்கிய தகப்பனார், அழுகையைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் என் மனைவி வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை. நஞ்சுக்கொடி முழுதும் வரவில்லை என்றும், ரத்தம் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை என்றும் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "டாக்டரம்மா கையில கொண்டு சேக்கணும். மாட்டு வண்டின்னா மூணு மணி நேரம் ஆகும். அவ தாங்க மாட்டா."

நெசவாளி ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் வீட்டுப் பெண்கள் திரை கட்டிய வண்டியில் அல்லாமல் வெளியே போனவர்களில்லை. பிறகு, "ஒரு துப்பட்டிய போட்டு மூடிக் கூட்டிட்டுப் போங்க. அல்லா பாத்துக்கிடுவான்" என்றார். பிள்ளையை எடுத்துக்கொண்டு அவருடைய அக்கா ஜட்காவில் பின்னால் வருவதென்று முடிவாயிற்று.

அந்தப் பெண்ணை இருக்கையில் சாய்த்து வைத்தோம். பதினெட்டு வயதிருக்கலாம். என் மனைவி இருக்கையின் வெளி விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து, ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டாள். கிளைப்பாதையிலிருந்து ரஸ்தாவில் ஏறுவது வலது திருப்பம், சிரமமில்லை. இரண்டு மைல் வந்ததும் ஒரு குளத்துக்கரை. போகும்போது வலப்பக்கமாக வளைந்ததால் அதை நான் கவனிக்கவே இல்லை. வரும்போது அது இடது வளைவு. உயரமான கரை. வற்றாத குளம், கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணுக்கு மயக்கம் வந்து, தலை என் பக்கமாகத் துவண்டது. என் மனைவி இரண்டு கைகளாலும் அவளைத் தாங்கப் போனாள். பாரமெல்லாம் வலப்பக்கம் வந்துவிட்டது.

"ஏங்க, இப்பம் என்னால சாய முடியாது" என்றாள். "நீங்க பாத்துக்கிடுங்க."

பதறவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் வளைவுக்கு வெகு தூரத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன். சீட்டிலிருந்து எழும்பி என் உடம்பை இடப்பக்கம் கொண்டுபோய், பிரம்பு இருக்கையின் மேலேயே ஏறக்குறையக் கவிழ்ந்தேன். வளைவு முடிகிற இடத்தில் ஒரு மருதமரம் நின்றது. அதை மட்டும் பார்த்தேன். வளைவு தொடங்கியதும் கொஞ்சமாக விசையைக் கூட்டினேன். "ம்" சொல்ல ஆளில்லை, எனக்கே தெரிந்தது. மூன்று சக்கரமும் தரையில் இருந்தன. மருதமரத்தைத் தாண்டிய பிறகுதான், தண்ணீர்ப் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவும் வந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, "பிழைப்பாள்" என்று ஒரே சொல் சொன்னார். அதன் பிறகு வண்டியைச் சுற்றிப் பார்த்து, பிரம்பில் படிந்திருந்த ரத்தத்தைப் பார்த்து, என்னையும் பார்த்தார். "நீர் குளத்துக்கரை வழியாகவா வந்தீர்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் தோளை ஒருதரம் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பெண் இரண்டு வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஜுரம் வந்து தணிந்தது. பிள்ளை தேறியது. போகிற நாளில் திரை கட்டிய வண்டி வந்து நின்றது. ஆண்கள் முன்னால் அவள் பேச மாட்டாள். ஆகையால் அவள் சொன்னதை என் மனைவிதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

அன்று வரும் வழியில் மயக்கம் தெளிந்தபோது, துப்பட்டி காற்றில் விலகியிருந்ததாம். கண்ணுக்கு நேரே, தூரத்தில், நீலமாக மலை வரிசையாக நின்றதாம். தான் செத்துவிட்டோம் என்றே முதலில் நினைத்தாளாம்.

"பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதான் இருக்கேன், மலை இம்புட்டுக் கிட்டயா இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா, பாவம்" என்றாள் என் மனைவி. "துப்பட்டிய நான் சரிபண்ணப் போனேன்லா, அப்பம் எங் கையப் புடிச்சா. வலியில புடிக்கான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் மூடாதியன்னு சொல்லத்தான் புடிச்சாளாம்."

"நீ மூடிட்டியா?" என்று கேட்டேன்.

"மூடல. எனக்கு ரெண்டு கையும் ஒழியல" என்றாள்.