போசனப்பிரியம்

திருநகரில் சூசையம்மாள் டீச்சரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்று தெரியாதவர் ஒருவர் கிடையாது. அப்பேர்ப்பட்ட அக்கறை எங்கள் பேட்டைக்கு!

உடம்பு கனத்து, கரும்பலகை முன்னால் நிற்க முட்டி இடம் கொடுக்காமல்தான், எண்பத்திரண்டாம் வருஷம் சென்னைக்குப் போய் இரைப்பையைக் கிளிப் போட்டுச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். முதலில் இளைத்தார். அடுத்த வருஷமே எடை பழையபடி ஏறிவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வாயைக் கட்டணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். படித்த மனுஷன்!

அது போதாதா? புருஷன் தனிஸ்லாஸ் சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். அதோடாவது விட்டாரா? ஞாயிறு பூசையில், அவரவர் வேண்டுதலைச் சொல்லும் மன்றாட்டு நேரத்தில், "என் மனைவி சூசையம்மாள் போசனப்பிரியம் என்னும் பாவத்திலிருந்து விடுபட" என்று கோயில் முழுக்கக் கேட்க வேண்டிக்கொண்டார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சனம். டீச்சர் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், சனத்தோடு சேர்ந்து அந்தப் பதிலைச் சொல்லவில்லை.

பிறகு நான்தான் அவரை வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். கிளிப் வரிசை பிரிந்து, இரைப்பை பழையபடி விரிந்திருந்தது.

"உங்க மேல தப்பே இல்லம்மா. கிளிப்பு விட்டுப்போனா பசிக்கத்தான செய்யும்?" என்றார்.

டீச்சர் அங்கேயே அழுதார். மறுபடி அதே வயிற்றைக் கிழித்தார்கள். பிழைத்து வந்ததே பெரும்பாடு.

நடமாடத் தொடங்கியதும் பூசைக்கு வந்தார். தனிஸ்லாஸ், "என் மனைவி சுகமானதற்கு நன்றியாக" என்று ஆரம்பித்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்தார்.

"நன்றி கெடக்கட்டுங்க. அன்னைக்கு எம்மேல சொன்ன பாவம் பொய்யின்னு இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லுங்க."

"வீட்டுல பேசிக்கிருவோம் சூசை."

"வீட்டுலயா சொன்னீக?"

டீச்சர் சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"டாக்டர் போட்ட கிளிப்பு விட்டுப்போச்சு. நான் திருடித் திங்கல. அடுத்தவுக சோத்தை எண்ணுற பாவத்துல இருந்து இந்த ஊரு விடுபட ஆண்டவரை மன்றாடுவோம்."

நான் ஒருத்திதான் தொண்டை கிழியச் சொன்னேன்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"