வால்வில் தொங்கிய என் பெயர்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாக மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். மெஷினைப் பிரிப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் எங்கள் பெயர் அட்டையை மாட்டுவோம். மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும்; அதுவரை வேறு யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது.

அப்படிப்பட்ட நான், ஒழுகும் குளியலறைக் குழாயை மாற்றச் சொல்லி இரண்டு வாரமாகக் கணவரை நச்சரித்தேன். வீட்டு ரிப்பேர் ஆண்கள் வேலை என்றே நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை பொறுமையிழந்து, புதுக் குழாய் வாங்கிவந்து ஸ்பேனரை எடுத்தேன். குழாயைக் கழற்றியதும் தண்ணீர் சுவர் வரை பீய்ச்சியடித்தது. அலறிவிட்டேன்.

எதிர்வீட்டு சரோஜா ஓடிவந்து வாசலிலிருந்த வால்வை அடைத்தாள். லிட்டில் இந்தியா கடைத்தெருவில் சேலை விற்பவள்.

"வால்வ அடைக்காம யாராச்சும் பைப்ப கழட்டுவாங்களாக்கா?"

வெட்கமாகிவிட்டது. "நீயே மாட்டிக் குடுத்துடேன்" என்றேன்.

"எங்க வீட்டு பைப்ப நாந்தான் மாத்துனேன். நீங்க மெஷினையே பிரிக்கிறவங்க. உங்களால முடியும் லா."

போய்விட்டாள். கைப்பையிலிருந்த என் பெயர் அட்டையை வால்வில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். புதுக் குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்கினேன். என் விரல்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

வேலை முடிந்த நேரம் கணவர் வந்தார். அட்டையைப் பார்த்ததும் வால்வுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"தொறக்கலாமா?"

"நாந்தான் தொறக்கணும்."

அட்டையைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். குளியலறைக்குப் போய்ப் பார்த்தோம்; ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அந்த அமைதியைக் கேட்டபடி இருவரும் ஈரத்தரையில் நின்றோம். பதினாறு வருடமாக இந்தக் கைகளை நான் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.