முன்னறையும் பிட்காயின் மிஷினும்

அறந்தாங்கியில் புவனேஸ்வரி வீட்டுக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் யாரும் வழி கேட்டதில்லை. தெருமுனையிலேயே இரைச்சல் காதைப் பிளக்கும். ரைஸ் மில்லா என்பார்கள் புதிதாக வருகிறவர்கள். இல்லை, எங்க வீட்டுக்காரர் பிட்காயின் எடுக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அவள் கணவன் ஆனந்தராஜ் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, கூட வேலை பார்த்தவனிடம் வாங்கி இந்த மிஷினைக் கொண்டுவந்தான். பார்க்க செருப்புப் பெட்டி மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் விசிறி. ராப்பகலாக அது கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் இன்டர்நெட்டில் துளித்துளியாகக் காசு சேருமாம். காசு சேர்ந்ததோ இல்லையோ, முன்னறை கையைவிட்டுப் போயிற்று.

அந்த அறையை அவள் எத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தாள். தெருவைப் பார்த்த ஜன்னல், நல்ல வெளிச்சம், அளவு கொடுக்க வரும் பெண்கள் சாத்திக்கொள்ள ஒரு கதவு. தையல் கடை என்று போர்டு மாட்ட வேண்டியதுதான் பாக்கி. வந்து இறங்கிய மறுநாளே மிஷினை அங்கே வைத்தான் மகராசன். ஓரமாக என் தையல் மிஷினையும் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். துணிப்பிசிறு விசிறிக்குள் போனால் மிஷின் கெட்டுவிடும், கூடவே கூடாது என்று சொல்லிவிட்டான். அவள் பிழைப்பு சமையலறை ஓரத்தில், மிளகாய் நெடியில் நடந்தது. அளவெடுக்கும்போது இரைச்சலுக்கு மேல் இடுப்பளவைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் பெண் மறுபடி வருவாள்? மாடியில் சோலார் போட்டுவிட்டதால் கரண்ட் பில்லைச் சொல்லிச் சண்டை போடவும் வழியில்லை.

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"இந்தச் சத்தத்த என்னால தாங்க முடியலங்க. ஒண்ணு சத்தம் போகணும், இல்ல அது போகணும்."

"சத்தந்தானே? ஃபர்ம்வேர மாத்திப்புட்டா போச்சு. ஆயுத பூசைக்குள்ள கொறையலேன்னா நானே வித்துப்புடுறேன், போதுமா?"

மிஷினை ஓட்டுகிற மென்பொருளைத்தான் அப்படிச் சொன்னான். கம்பெனி கொடுத்ததை எடுத்துவிட்டு, வெளியாட்கள் எழுதியதைப் போட்டால் வேகத்தையும் விசிறியையும் நம் இஷ்டத்துக்குக் குறைக்கலாமாம். அன்றிலிருந்து சோறு தண்ணீர் மறந்து செல்போனிலும் லேப்டாப்பிலும் கிடந்தான். ஒன்றைப் போட்டான், விசிறி படுத்துக்கொண்டு மிஷின் கொதித்தது. இன்னொன்றைப் போட்டான், இரைச்சல் இரண்டு மடங்காயிற்று. அவளுக்கு உள்ளூர சந்தோஷம். பூசை நெருங்கிக்கொண்டிருந்தது.

பூசையன்று காலையில் புதிதாக ஒன்றை மிஷினில் ஏற விட்டுவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைக்குப் போய்விட்டான். அன்றைக்கு எந்த ஆயுதமும் ஓடக்கூடாது. அவள் பிறந்த வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, அதுதான் வழக்கம். தையல் மிஷின், கத்தரிக்கோல், அவனுடைய ஸ்பேனர்கள், பைக் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், முன்னறையிலும் சுவிட்சை அணைத்து, மிஷினுக்குப் பொட்டு வைத்தாள். வீடு அமைதியானது. அந்த அமைதியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள்.

தோளில் பூசணிக்காயோடு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு அணைச்சா?"

"ஆயுத பூசையன்னைக்கு ஓட விடுவாங்களா? நாந்தான்."

"பாதி ஏறிக்கிட்டு இருந்துச்சு புவனா. இனி எந்திரிக்காது."

"ஏறிக்கிட்டு இருக்கு, தொடாதேன்னு சொல்லிட்டுப் போனா என்னங்க?"

"நீ தொடுவேன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

செத்த மிஷின் அறையைவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உயிரில்லாததை யார் வாங்குவார்கள்? பொட்டும் சந்தனமுமாக அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் பாய் விரித்து அவனும் உட்கார்ந்துவிட்டான். மெமரி கார்டு, ஒயர்கள், டீ டம்ளர் என்று அறை முன்பைவிட நிறைந்துபோயிற்று. கொஞ்சம் டார்ச் அடி என்று அவளையே கூப்பிட்டான். அணைத்த பாவத்துக்கு அடித்துக்கொண்டு நின்றாள். இது எழுந்து தொலைக்கட்டும் சாமி, எவன் தலையிலாவது கட்டிவிடலாம் என்று வேண்டிக்கொண்டாள். எதை வேண்டிக்கொள்கிறோம் என்று நினைத்தபோது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு மதியம், வேறொரு மென்பொருளை ஏற்றிய மெமரி கார்டைச் செருகியதும் அது எழுந்தது. இரைச்சலுக்காகக் காதைப் பொத்திக்கொண்டாள். சீலிங் ஃபேன் அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

"பாத்தியா? சத்தம் போச்சுல்ல?" அவன் முகமெல்லாம் பல்.

போய்த்தான் விட்டது. பேச்சுப்படி இனி விற்க வேண்டியதில்லை. பூசைக் கெடு தாண்டியதே அவள் அணைத்ததால்தான், அதைச் சொல்லி விற்கச் சொல்லவும் முடியாது. அறை வேண்டும் என்று கேட்காமல் சத்தம் போக வேண்டும் என்று கேட்ட தன் வாயை அவள் நொந்துகொண்டாள். பொழுது சாயும்வரை பாத்திரங்களைத்தான் உருட்டினாள்.

மறுநாள் அவன் டீ குடிக்கப் போனதும், தையல் மிஷினை முன்னறைக்கு இழுத்துப் போய் ஜன்னலடியில் போட்டாள். காட்டன் லைனிங் துணியை எடுத்து வெட்டி, தைக்க ஆரம்பித்தாள். அவன் திரும்பி வந்தபோது விசிறி வலையில் வெள்ளைப் பிசிறு ஒட்டிக்கொண்டு ஆடியது.

"என்ன புவனா இது? பிசிறெல்லாம் உள்ள போகுது. போர்டு எரிஞ்சுபோயிடும்."

அவள் தலை நிமிரவில்லை.

"சத்தத்துக்கு ஒண்ணு போட்டீங்கள்ல. பிசிறுக்கும் ஒண்ணு போடுங்க."

அவன் விசிறியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தையல் மிஷினை மிதித்த அவள் கால் நிற்கவில்லை. சுவிட்சை அணைத்து, ஒயரைச் சுருட்டி, பிட்காயின் மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

சாயந்திரம் எதிர்வீட்டுப் பொற்கொடி ப்ளவுஸ் துணியோடு வந்தாள். புவனேஸ்வரி முன்னறைக் கதவைச் சாத்தினாள். டேப்பைச் சுற்றிப் பிடித்து, இடுப்பளவை அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னாள்.