கையால் சுற்றிய செய்தி

போன கிழமை கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் காத்திருந்தபோது, ஈயம் பற்றவைக்கும் புகை மூக்கில் ஏறியது. நான் நேரே புங்குடுதீவு மடத்துவெளிக்குப் போய்விட்டேன். அங்கே றேடியோ திருத்தும் நடராசா அண்ணையின் முற்றம் முழுக்க இந்த மணம்தான்.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலம். மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. நான் அப்போதுதான் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். உலகத்துக்கே அறிவு சொல்ல வந்தவன் என்ற நினைப்பு. உலகத்தில் என்ன நடக்கிறதென்று மட்டும் தெரியாது.

அண்ணை சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்தார். பெடலைக் கையால் சுற்றினால் லண்டன் தமிழ்ச் செய்தி கேட்கும். பிறகு யாழ்ப்பாணம் முழுக்க இப்படித்தான் செய்தி கேட்டது. முதலில் கண்டுபிடித்தவர் தானே என்று அண்ணை கடைசிவரை சாதித்தார்; நானும் அவர் கட்சிதான். மெல்லச் சுற்றினால் குரல் அமுங்கும், கையை எடுத்தால் நின்றுவிடும். அதனால் அயலவர்கள் நாங்கள் எல்லோரும் பொழுதுபடக் கூடி, முறை வைத்துச் சுற்றினோம்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் முறை. அவருடைய புருசன் முதல்நாள்தான் இராமேசுவரத்துக்குப் படகேறியிருந்தார். "அகதிகள் சென்ற படகொன்று கடலில்..." என்றது றேடியோ. அக்காவின் கை நின்றது. செய்தியும் நின்றது.

"சுத்தும் பிள்ளை, சுத்தும்!" என்று அண்ணை கத்தினார்.

நான் பாய்ந்து சுற்றியபோது ஏதோ ஒரு நாட்டுத் தேர்தல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படகு கவிழ்ந்ததா, கரைசேர்ந்ததா, அது எந்தப் படகு? சொல்ல ஒருவரும் இல்லை. அயலில் வேறு றேடியோவும் இல்லை.

அண்ணையால் அதைத் தாங்க முடியவில்லை. நான் எப்போது போனாலும் செத்துப்போன மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஒரு மாலை, பெடலை விட்ட பிறகும் றேடியோ கதைத்தது. மனுசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இனி ஆர் கையை விட்டாலும் செய்தி நிக்காது. வாரும் பிள்ளை, இருந்து கேளும்."

பாக்கியம் அக்கா வந்தார்; ஆனால் உட்காரவில்லை.

"வேண்டாம் அண்ணை. அதைக் கழட்டிவிடுங்கோ. நானே சுத்துறன்."

"ஏன் பிள்ளை?"

"அவரின்ரை பேர் வந்தா நான் நிப்பாட்ட வேணும்."

அண்ணை தன் வாழ்நாளிலேயே ஆகச் சிறந்த வேலையின் வயரைத் தானே பிடுங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றோடு முறை வைப்பது போய், தினமும் அக்காவே சுற்றினார். அவர் விட்ட அளவுக்குத்தான் நாங்கள் செய்தி கேட்டோம்.

அடுத்த வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. அதுவரை புருசனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அண்ணை வன்னியில் காலமானாராம். மடத்துவெளியில் அவருடைய வீட்டு வளவில் இப்போது பனை வடலிதான் வளர்ந்து நிற்கிறது. அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும், செய்தி இப்போது அவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு வராது.